அட்டைப் பாறை

அத்தியாயம் 17

நாளைக்கு வரப்போகிற ஏழு பேரை நினைத்துச் சுமலதாவுக்கு ராத்திரி முழுவதும் தூக்கமே இல்லை.

போன வாரம் அவள் புருஷன் மனோகரன் திருப்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்புகிற நேரத்தில் பையோடு குதித்து இறங்கி வீடு திரும்பினானே, நினைவிருக்கிறதா? இறங்கியவன் சும்மா இறங்கவில்லை. "பனியன் கம்பெனியில மூச்சு முட்டிச் சாகறதுக்கு, இங்கயே நாலு பேருக்குக் காட்டைச் சுத்திக் காட்டிப் பொழச்சுக்கலாம்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு இறங்கினான். வீராப்புப் பேச ஒரு நிமிஷம் போதும். அதற்கப்புறம் அதைக் கட்டி இழுப்பது எப்போதும் பெண்டாட்டியின் வேலைதான்.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து கிளென்மார்கன் பக்கத்து அந்த எஸ்டேட்டில் ஃபேக்டரி ஓடவில்லை. மனோகரன் இலை சுருட்டும் ரோலர் ஓட்டிய ஹாலில் இப்போது வௌவால் குடியிருக்கிறது. இலை பறிக்கிற பெண்களுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. மனோகரனின் தம்பி பாலுவுக்கு அதுவும் இல்லை. இலை எடை போடுகிற நேரத்தில் மேட்டில் நின்று விசிலடித்துப் பெண்களைக் கூப்பிடுவது அவன் வேலையாக இருந்தது. எடை போட இலையே இல்லாதபோது விசில் எதற்கு என்று எஸ்டேட் துரை அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இந்தச் சமயத்தில், மனோகரன் பஸ் ஏறுவதற்கும் முன்பே, மிருகம் காட்ட முடியுமா என்று கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தவர்தான் ஜஸ்டஸ். குன்னூரில் லாட்ஜ் வைத்திருப்பவர். தேயிலை ஏலத்துக்கு வந்து தங்கும் வியாபாரிகள் குறைந்துபோனதும், ரூமைக் காலியாகப் போட மனசில்லாமல், டவுன்காரர்களைக் காட்டுக்குள் நடக்கக் கூட்டி வருகிற யோசனையைப் பிடித்துக்கொண்டார். எஸ்டேட்டை ஒட்டிய சோலைக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதியும் வாங்கிவிட்டார். வழிகாட்ட மனோகரனும் பாலுவும். சமையல் சுமலதா. நாளைய நடை நல்லபடியாக முடிந்தால் வாரா வாரம் ஆள் வரும், குடும்பம் இந்த மலையிலேயே இருக்கலாம். இல்லையென்றால் மாசக் கடைசியில் லயத்தில் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் திருப்பூர். மகள் ரேகாவின் பத்தாம் வகுப்பு அந்தரத்தில் நிற்கும்.

அதனால்தான் தூக்கம் போனது.

காலையில் முதல் வேலையாக, அட்டைக்கு உப்புப் பொட்டலம் கட்ட உட்கார்ந்தாள். மழைக்காட்டுக்குள் கால் வைத்தால் அட்டை விடாது. பழைய துணியில் உப்பை முடிந்து, ஈரம் பண்ணி, முழங்காலிலிருந்து பாதம் வரை தேய்த்துக்கொண்டு போவார்கள் இலை பறிக்கிற பெண்கள். கடித்த அட்டையின் மேல் பொட்டலத்தை வைத்து அழுத்தினால் தானே சுருண்டு விழும். ஏழு விருந்தாளிகளுக்கும் ஆளுக்கொரு பொட்டலம் என்று துணியைக் கிழித்து வைத்துக்கொண்டு உப்பு டப்பாவைத் திறந்தாள்.

டப்பாவில் கால்வாசிதான் இருந்தது.

ரேஷன் உப்பு வாங்கி வந்து முழுசாய்க் கொட்டி வைத்தவள் அவள்தான். ஊறுகாய் போடவில்லை, கருவாடு போடவில்லை. எங்கே போயிருக்கும்?

"ஏனுங்க, உப்பை யாராச்சும் எடுத்தீங்களா?"

"உப்பா? நான் என்ன மாடா, உப்பத் திங்கறதுக்கு?" என்றான் மனோகரன், ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே.

வாசல்படியில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்த மாமனார் ராஜரத்தினம் திரும்பிப் பார்த்தார். சிலோனிலிருந்து வந்து இத்தனை வருஷம் ஆகியும் அவர் பேச்சு அங்கேயேதான் இருக்கிறது. "புள்ள, வாற ஆக்களுக்குத் தேத்தண்ணி நான்தான் ஊத்துவன். இந்த லயத்திலே எனக்கு நிகரா ஒருத்தன் தேத்தண்ணி ஊத்த ஏலாது, தெரியும்தானே?"

"சரிங்க மாமா. நீங்கதான் ஊத்தறீங்க."

பாலு வாசலில் மூங்கில் கம்புகளைச் சீவிக்கொண்டிருந்தான். விருந்தாளிகள் ஊன்றி நடப்பதற்கு. உப்பு என்ற பேச்சு வந்தபோது அவன் மட்டும் தலை நிமிரவில்லை. சுமலதா அதைக் கவனித்தாள். கவனித்ததை மனசில் ஓரமாக வைத்துக்கொண்டாள்.

ஜஸ்டஸின் ஜீப் அப்போதுதான் மேடேறி வந்தது.

இறங்கும்போதே அவர் முகத்தில் சிரிப்பும் கவலையும் கலந்திருந்தன. ஒரு பையிலிருந்து ஆரஞ்சு நிற விசில்களை எடுத்து மேஜையில் கொட்டினார். ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் மாட்டக் கயிறு.

"ஆளுக்கொண்ணு. கெஸ்ட்டுக்கும் உண்டு. யாராவது வழி தவறினா, விழுந்தா, ஏதாவது ஆபத்துன்னா, நீளமா மூணு தடவை ஊதணும். சத்தம் கேட்ட பக்கம் மத்தவங்க ஓடி வரணும். நல்ல ஏற்பாடுதானே மனோகர்?"

"பிரமாதங்க சார்."

"ஆனா ஒண்ணு." ஜஸ்டஸ் குரலைத் தாழ்த்தினார். "வர்றவங்க எல்லாம் மிருகம் பார்க்க வர்றாங்க. மரத்தையும் பனியையும் காட்டிட்டு அனுப்பினா ஒத்துக்க மாட்டாங்க. போன மாசம் வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். நாள் பூரா நடந்து ஒரு அணிலைப் பார்த்தாங்க. என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டாங்க. நாளைக்கும் அந்த மாதிரி ஆச்சுன்னா, நான் இந்தப் பக்கம் திரும்பி வர முடியாது. மனசுல வெச்சுக்குங்க."

மனோகரன் ஒரு விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். காட்டு விலங்கு என்ன, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்க எஸ்டேட் ஆளா?

"காட்டெருமை பாப்பாங்க சார்" என்றான் பாலு வாசலிலிருந்து. "பக்கத்துலயே பாப்பாங்க. நான் காரண்டி."

"அப்படிப் போடு!" என்று அவன் முதுகில் தட்டிவிட்டு ஜஸ்டஸ் கிளம்பிவிட்டார். மனோகரன் தம்பியைப் பெருமையாகப் பார்த்தான். சுமலதாவுக்குத்தான் சுருக்கென்றது. காட்டைப் பற்றிக் காரண்டி கொடுக்கிறவன் ஒன்று விவரம் தெரியாதவனாக இருக்க வேண்டும், அல்லது ஏதோ செய்து வைத்திருக்க வேண்டும். பாலு விவரம் தெரியாதவன் இல்லை.

"இன்னைக்கு வழியைப் பாக்கப் போறப்ப நானும் வாரனுங்க" என்றாள் புருஷனிடம்.

"நீ எதுக்கு?"

"சோத்துப் பாத்திரத்தை எங்க எறக்கறதுன்னு நான் பாக்க வேண்டாமா?"

அவன் ஷூக் கயிற்றை இறுக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

*

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறி, கடைசி வரிசையைத் தாண்டியதும் சோலை தொடங்கும். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே ஒரே ஈரம்தான். மரங்களெல்லாம் பாசி போர்த்துக்கொண்டு நிற்கும். உச்சாணிக் கிளையில் கருமந்திகள் 'ஹூக் ஹூக்' என்று ஆள் வந்த செய்தியை அடுத்த மரத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

"இதையே காட்டலாம், பாத்தியா? எத்தனை கருமந்தி!" என்றான் மனோகரன். ஆசை அவன் குரலில் வழிந்தது. "இங்க நின்னு ஒரு பத்து நிமிஷம். அப்பறம் ஓடை. ஓடைக்கு மேல அட்டைப் பாறை. அங்கதான் சாப்பாடு."

அட்டைப் பாறை என்ற பெயரைக் கேட்டதும் சுமலதாவுக்குப் பழைய காலம் ஞாபகம் வந்தது. சோலைக்கு அந்தப் பக்கம் ஆறாம் நம்பர் காடு என்கிற தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அங்கே இலை பறிக்கப் போன காலத்தில் பெண்கள் எல்லோரும் இந்தப் பாறையில்தான் உட்கார்ந்து அட்டை பிடுங்குவார்கள். உப்புப் பொட்டலத்தை அவிழ்த்து, ஈரமாய்ப் போன உப்பைப் பாறைமேல் தட்டி உதறிவிட்டு, புது உப்பு முடிந்துகொண்டு கிளம்புவார்கள். ஊர்க்கதை முழுவதும் அங்கேதான் பேசித் தீர்ப்பார்கள். விலை விழுந்ததும் எஸ்டேட்டில் முதலில் கைவிட்டது ஆறாம் நம்பர் காட்டைத்தான். அதற்கப்புறம் இந்த வழியில் யாரும் வருவதில்லை.

அந்த இடம் ஒரு சந்து மாதிரி. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் மண் கரை. மறுபக்கம் ஓடைக்குச் சரியும் பள்ளம். நடுவில் பாறையும், பாறையை உரசிக்கொண்டு போகிற ஒற்றையடிப் பாதையும்.

"எடம் எப்படி?" என்றான் மனோகரன், ஏதோ தானே கட்டிய மாளிகை மாதிரி.

சுமலதா தரையைப் பார்த்தாள். பாறையைச் சுற்றிச் சேறு குழம்பிக் கிடந்தது. அதில் தட்டு அகலத்துக்குக் குளம்படிகள். பழையதன் மேல் புதியது, அதன்மேல் இன்னும் புதியது. எல்லாம் ஒரே அளவு. கூட்டமாக வந்திருந்தால் கன்றின் சின்ன அடியும் இருந்திருக்கும். இது ஒரே மாடு, தினமும் வருகிற மாடு.

பாறையின் பள்ளத்தில் விரலை வைத்துத் தேய்த்து நாக்கில் வைத்தாள்.

"ஏனுங்க, இவத்தால வாங்க. இதை நக்கிப் பாருங்க."

"என்ன?"

"உப்பு."

"பறிக்கப் போனவளுக கொட்டினதா இருக்கும்."

"அவளுக வந்து ரெண்டு மழைக்காலம் போயிருச்சுங்க. இங்க பேயற மழைக்கு உப்பு நிக்குமா? இது நேத்துப் போட்டது. என்ற ஊட்டு டப்பாவுல இருந்து வந்தது."

மனோகரன் குளம்படியைப் பார்த்தான். பார்த்ததும் பயப்பட வேண்டியவன், முகம் மலர்ந்தான். அதுதான் அவனிடம் உள்ள கோளாறு.

"பாலுதான்! அதான் காரண்டின்னானா? ஏய் சுமா, பய கெட்டிக்காரன்டி! வந்தவங்க கண்ணு முன்னாலயே..."

"கெட்டிக்காரனா? நம்ம லயத்து இசக்கியண்ணனைக் குத்தினதும் இந்த மாதிரி கூட்டத்தை விட்டுப் பிரிஞ்ச ஒத்தை மாடுதானுங்களே. அந்த மனுஷன் இன்னும் நேரா நின்னு நடக்கல. இந்தச் சந்துக்குள்ள ஏழு பேரை நிக்க வெச்சா, அது வந்தா ஒதுங்க எங்க எடம்? காட்டுங்க பாக்கலாம்."

"அது பாட்டுக்கு அது வரும், உப்ப நக்கும், போகும். நாம தூரமா நின்னு பாக்கறது. பயந்தா எப்படிப் பொழைக்கறது?" அவன் கழுத்தில் தொங்கிய ஆரஞ்சு விசிலைக் கையில் எடுத்தான். "சரி, அதை அப்பறம் பேசலாம். இங்க இருந்து ஊதினா எஸ்டேட்டுக்குக் கேக்குமான்னு பாப்போம்."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கும் அப்போது தோன்றவில்லை.

நீளமாக மூன்று தடவை ஊதினான்.

கருமந்திகள் சட்டென்று வாயை மூடிக்கொண்டன. அந்த நிசப்தம்தான் முதலில் சுமலதாவைத் தொட்டது. பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மரக்கிளை முறிந்தது. ஆள் சத்தம் கேட்டால் விலகி ஓட வேண்டிய காட்டெருமை, தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு இவர்களைப் பார்த்து மேடேறி வந்தது.

கரிய மலை மாதிரி உடம்பு. வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள். இடது கொம்பு பாதியில் ஒடிந்திருந்தது. இசக்கி அடையாளம் சொன்ன அதே ஒற்றை.

"அசையாதீங்க" என்றாள் சுமலதா, உதடு மட்டும் அசைய.

இரண்டு பேரும் மண் கரையோடு ஒட்டி நின்றார்கள். அது பாறைக்கு வந்தது. பள்ளத்தில் நாக்கை விட்டு ஒரு இழுப்பு இழுத்தது. நேற்றைய உப்பின் மிச்சம் அதற்கு எந்த மூலைக்கு? மூக்கைத் தூக்கி 'புஸ்' என்று மூச்சு விட்டது. தலையைத் திருப்பி இவர்களைப் பார்த்தது. வரச் சொன்னீர்களே, எங்கே என்று கேட்கிற பார்வை.

ஒரு அடி எடுத்து வைத்தது. பிறகு இன்னொரு அடி. மனோகரனின் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. வீராப்பெல்லாம் எங்கே போயிற்றோ.

சுமலதாவின் இடுப்பில் அவளுடைய உப்புப் பொட்டலம் இருந்தது. இதற்குத்தான் மூக்கை நீட்டுகிறது என்று அவளுக்குப் பளிச்சென்று பட்டது. மெதுவாக, மிக மெதுவாக அதை உருவினாள். பறித்த இலையைத் தோளுக்கு மேலே பின்னால் எறிந்து பழகிய கை அது. அன்றைக்குப் பக்கவாட்டில் பள்ளத்தைப் பார்த்து வீசியது. பொட்டலம் புதரில் பட்டு அவிழ்ந்து வெள்ளையாகச் சிதறியது.

ஒற்றை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு சரிவில் இறங்கியது.

அவர்கள் பின்னாலேயே கால் வைத்து நகர்ந்தார்கள். தேயிலைச் செடி கண்ணில் படும்வரை முதுகைக் காட்டவில்லை. செடிக்குள் வந்த பிறகுதான் மனோகரன் நின்றான். மண்ணில் உட்கார்ந்து கழுத்து விசிலைப் பார்த்தான்.

"ஆபத்துன்னா ஊதச் சொன்னாரு" என்றான். "ஊதினா ஆபத்தே வருதே சுமா."

"நாளைக்கு ஏழு பேரு கழுத்துலயும் அதைத்தான மாட்டப் போறோம்" என்றாள் அவள். சொல்லிவிட்டு அழுதாள்.

*

பாலு எதையும் மறைக்கவில்லை. கேட்டதும் கம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"ரெண்டு வாரமா வெக்கறேண்ணே. மொதல்ல தூரத்துல நின்னு பாக்கும். அப்பறம் எடைக்கு ஊதுவேனே, அந்த விசிலை ஊதிட்டு உப்ப வெப்பேன். ஊதினா வரும்னு அதுக்குப் புரிஞ்சிருச்சு. நாய்க்குட்டி கணக்கா வருது."

"நாய்க்குட்டியா?" மனோகரன் கையை ஓங்கிக்கொண்டு போனான். ஓங்கிய கை இறங்கவில்லை, அந்தரத்திலேயே நின்றது. அம்மா செத்தபிறகு இவன் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அது. அடிக்க மனசு வரவில்லை.

அவன் அடிக்காததைச் சுமலதா வாயால் அடித்தாள்.

"எத்தனை பேரைக் கொல்லப் பாத்தே பாலு? உங்கண்ணனும் நானும் இன்னைக்கு அங்கயே போயிருப்போம். ரேகா பள்ளிக்கூடத்துல இருந்து வந்து யாரைத் தேடுவா?"

"அண்ணி, நான் உங்களுக்காகத்தான்..."

"எனக்காகவா! நான் கேட்டனா?"

"நீங்க கேக்கல. ஆனா திருப்பூர்னு பேச்சு வர்ற அன்னைக்கெல்லாம் அழுவறீங்க. இந்த லயத்துச் சுவரு என்ன கோட்டைச் சுவரா, எனக்குக் கேக்காம இருக்க? மிருகம் பாக்கலைன்னா அந்த ஆளு வரமாட்டாருன்னீங்க. மிருகத்த வர வெச்சிட்டா நீங்க எங்கயும் போக வேண்டாமேன்னு பாத்தேன். வேற எனக்கு என்ன தெரியும் அண்ணி? விசிலடிக்கத்தான் தெரியும்."

அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே வேறு வழியில் போயிருக்கும். ஆனால் பயந்து நடுங்கிவிட்டு வந்தவளுக்குக் கோபம் ஒன்றுதான் கைக்கு அகப்பட்டது.

"அந்தப் பாறையைக் கழுவி விடு! ஒரு கல்லு உப்பில்லாம கழுவிட்டு, அப்பறமா இந்த ஊட்டு வாசப்படிய மிதி!"

பாலு உட்கார்ந்து மறுபடி கம்பைச் சீவ ஆரம்பித்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

மனோகரன் அரிவாளை எடுத்துக்கொண்டான். "மேல் வழியில போலாம் சுமா. சோலைக்குள்ள எறங்க வேண்டாம். பாறை முகட்டுல நின்னு எதிர்ச் சரிவைக் காட்டலாம். தூரமாத்தான் தெரியும். கடமானாவது மேயும். பாதையில முள்ளடைஞ்சு கெடக்கு, போய் வெட்டிட்டு வாரேன்."

"நான் ஜஸ்டஸ் சாருக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொல்லிடறனுங்க."

"உள்ளதைச் சொன்னா ஓடிருவாரே."

"ஓடட்டும். ஒரு உசிரு போனா நாம எங்க ஓடறது?"

*

முக்கு ரோட்டில் பேச்சியம்மாவின் கடையில்தான் போன். இலை மூட்டை லாரி வந்த நாளில் கூட்டம் நெரியும் கடை. இப்போது பேச்சியம்மாவும் ஒரு பூனையும் மட்டும் இருந்தார்கள். சுமலதா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் ஜஸ்டஸிடம் சொன்னாள். உப்பு, விசில், ஒடிந்த கொம்பு, எல்லாம். திட்டு விழும், நடை ரத்தாகும், திருப்பூர்தான் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

ஆனால் அவர் திட்டவில்லை.

"விசிலடிச்சா வருதா?" என்றார் ஜஸ்டஸ்.

"ஆமாங்க சார்."

"நெஜமாவா? எவ்வளவு பக்கத்துல?"

"சார், நான் என்ன சொல்றேன்..."

"அட, நீங்க ஏம்மா அழறீங்க? இந்த மாதிரி ஒண்ணு ஊட்டியில எவன்கிட்டயும் கெடையாது! கெஸ்ட்டை எல்லாம் கரைமேல ஏத்தி நிக்க வெச்சிடலாம். பாலு கீழ நின்னு ஊதட்டும். ஃபாரெஸ்ட் வாட்ச்சர்கிட்ட மட்டும் உப்பு கிப்புன்னு வாயைத் திறக்காதீங்க."

சுமலதாவுக்கு அழுகை நின்றுவிட்டது. உடம்பெல்லாம் எரிந்தது.

"சார், எங்க ஊட்டு ஆளு யாரும் அந்தப் பாறைக்கு வரமாட்டோம். மேல் வழியில வாரதுன்னா வாங்க. இல்லைன்னா வேண்டாமுங்க."

"நீங்க சொன்னா ஆச்சா? பாலுகிட்ட நான் பேசிக்கறேன். அவன் குடும்பத்துக்காக எதுவும் செய்வான், நல்ல பையன். காலையில வர்றேன்." போன் வைக்கப்பட்டது.

குடும்பத்துக்காக எதுவும் செய்வான். அந்த ஒரு சொல் வழி முழுவதும் அவளைத் தைத்துக்கொண்டே வந்தது. யாருக்காகச் செய்தான், அவளிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டான்! வீட்டுக்குப் போனதும் முதலில் அவனுக்கு ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுக்க வேண்டும். 'கோபத்துல சொல்லிட்டேன் கண்ணு, மனசுல வெச்சுக்காதே' என்று சொல்ல வேண்டும். காலையில் ஜஸ்டஸ் வந்து எவ்வளவு ஆசை காட்டினாலும் போகமாட்டேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படி வரிசையாக நினைத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

அவள் வருவதற்குள் பனி இறங்கிவிட்டது. பொழுது சாயும் நேரம். லைன் வீடுகளின் பாதி மறைந்து, கூரை மட்டும் மிதந்தது.

வாசலில் சீவிய கம்புகள் ஏழும் சுவரோரமாக வரிசையாய்ச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. பாலுவைக் காணோம்.

"மாமா, பாலு எங்கீங்க?"

ராஜரத்தினம் ரேடியோவின் காதைத் திருகிக்கொண்டே சொன்னார். "அவன் அப்பவே போயிட்டான்தானே புள்ள. வாளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு போனான். எங்கேயடான்னு கேட்டன். அண்ணி ஒரு வேலை சொன்னவங்க, முடிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவன் என்டான்."

சுமலதா சமையல்கட்டைப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் வாளி இருந்த இடம் காலியாக இருந்தது. மேஜையில் ஆரஞ்சு விசில்களின் குவியலில் ஒன்றை யாரோ எடுத்த இடைவெளி.

பாறையைக் கழுவு என்றவள் அவள்தான். அதுவரை வாசல்படியை மிதிக்காதே என்றவளும் அவள்தான். இந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத ஒரே ஆள் அவன். அதை அவள் மறந்து போயிருந்தாள்.

"மாமா, மேல் வழியில உங்க மகன் முள்ளு வெட்டறாரு. போய்ச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்க! அட்டைப் பாறைக்கு வரச் சொல்லுங்க!"

கிழவர் எழுந்திருப்பதற்குள் அவள் உப்பு டப்பாவை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள். மிச்சமிருந்த கொஞ்ச உப்பு டப்பாவுக்குள் குலுங்கியது. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் காலைக் கிழித்தன. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். 'ஒண்ணும் ஆகக்கூடாது, ஒண்ணும் ஆகக்கூடாது' என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது.

கடைசி வரிசையைத் தாண்டி, சோலை தொடங்குகிற இடத்துக்கு வந்து நின்றாள். பனிக்குள் முதல் மரம் மட்டும் தெரிந்தது. அதற்கு உள்ளே எல்லாம் வெள்ளை.

"பா..." என்று வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து விசில் கேட்டது.

எடைக்குக் கூப்பிடுகிற விசில் இல்லை அது. நீளமாக ஒன்று. மூச்சு வாங்கி, நீளமாக இன்னொன்று. பிறகு கடைசியில் உடைந்துபோன மூன்றாவது. விழுந்தானா, வழுக்கினானா, என்ன ஆயிற்று அவனுக்கு? மூன்று தடவை ஊதினால் ஆபத்து, ஓடி வா என்று அர்த்தம். அது ஜஸ்டஸ் சொல்லிக் கொடுத்த மனிதர்களுக்குத்தான் தெரியும். உப்புக்குப் பழகிய ஒற்றைக்கு எல்லா விசிலும் ஒரே விசில்.

எங்கோ வலது பக்கத்தில், ஓடைத் தண்ணீர் சலசலவென்று கலங்கியது.

மறுபடி விசில். நீளமாக ஒன்று.

"ஊதாதே பாலு" என்று அவள் முனகினாள். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு பனிக்குள் நுழைந்தாள். "அண்ணி வந்துட்டேன் சாமி. ஊதாதே. தயவு பண்ணி ஊதாதே கண்ணு."

அடுத்து எழுந்த இரண்டாவது விசில் பாதியிலேயே நின்றுவிட்டது.